ரூயா – போதார்: எல்லா ஆட்டத்தையும் கூட்டினால் யார் மேல்?

மாட்டுங்கா19 · ஞாயிறு, காலை 7:52

எங்கள் வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. இன்று அதை இங்கே கொண்டுவந்து போடுகிறேன். தீர்ப்புச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காலத்து ஆட்கள் இருந்தால் சாட்சியாவது சொல்லுங்கள்.

நான் போதார். அண்ணன் ரூயா. மும்பைக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கல்லூரிகளும் மாட்டுங்காவில் லக்கம்சி நப்பூ சாலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவை. ரூயா 1937இல் வந்தது, கலையும் அறிவியலும். போதார் 1941, வணிகவியல். இரண்டையும் நடத்துவது ஒரே அமைப்பு, புனேயைச் சேர்ந்த ஷிக்ஷண ப்ரசாரக் மண்டலி. அதனால் இது பங்காளிச் சண்டை.

நேற்று அண்ணன் டோம்பிவிலியிலிருந்து வந்திருந்தார். கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற பையன் ஏதோ கல்லூரி ஜெர்ஸி போட்டிருந்தான். அவ்வளவுதான், அண்ணன் ஆரம்பித்துவிட்டார். “உங்கள் காலேஜில் என்ன இருந்தது? ரெண்டு பேட்ஸ்மேன். அதோடு சரி. பேரிலேயே இருக்கிறதே, போதார். எதுவும் போதாது.”

அந்த “ரெண்டு பேட்ஸ்மேன்” யார் தெரியுமா? திலீப் வெங்சர்க்கார், ரவி சாஸ்திரி. ஒருவர் லார்ட்ஸில் மூன்று சதம் அடித்தவர். இன்னொருவர் ஜூனியர் காலேஜ் கடைசி வருடத்திலேயே பம்பாய் ரஞ்சி அணிக்குப் போனவர். நான் 1979இல் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது அவர் பன்னிரண்டாம் வகுப்பு. காரிடாரில் அவர் நடந்து போனால் நாங்கள் சுவரோரம் ஒதுங்குவோம், உயரம் அப்படி. அண்ணன் பதிலுக்கு சந்தீப் பாட்டீலை எடுத்தார். அடிலெய்டில் 174. சரி, ஒத்துக்கொள்கிறேன், ரூயாவுக்கும் ஆள் உண்டு.

ஆனால் அண்ணனின் வாதமே வேறு. கிரிக்கெட்டை மட்டும் எடுத்தால் போதாருக்குச் சாதகம், எல்லா விளையாட்டையும் கூட்டினால் ரூயாதான் மேல் என்கிறார். சும்மா சொல்லவில்லை, கையில் ஆதாரம் வைத்திருக்கிறார். சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய கணக்கு நோட்டு. 1976 முதல் 1983 வரை இரண்டு கல்லூரிகளும் எந்த ஆட்டத்தில் மோதினாலும் அதில் குறித்திருக்கிறார். கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, கபடி, கோ-கோ, டேபிள் டென்னிஸ், கேரம், சதுரங்கம். வெற்றிக்கு 2, சமனுக்கு 1.

என் ஆட்சேபணை மூன்று. ஒன்று, மூன்று நாள் வெயிலில் நின்று ஜெயித்த கிரிக்கெட்டுக்கும் அரை மணி நேரக் கேரமுக்கும் ஒரே 2 புள்ளியா? இரண்டு, எதிரணி வராமல் போனால் கிடைக்கும் வாக்-ஓவருக்குப் புள்ளி உண்டா? மூன்று, அண்ணன் 1980இல் படிப்பை முடித்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்து சொன்ன முடிவுகளைத்தான் எழுதினார். நான் சொன்னதில் போதார் ஜெயித்தவற்றுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்!

மொத்த எண்ணிக்கையை இங்கே போட மாட்டேன். போட்டால் அதை வைத்து இன்னொரு சண்டை. விதியை முதலில் பேசி முடிப்போம்.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, காலை 9:15

அண்ணன் செய்ததை உலகம் முழுக்கச் செய்திருக்கிறார்கள், மாமா. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1827இல் கிரிக்கெட்டில் மோத ஆரம்பித்தன, 1829இல் படகுப் பந்தயம். அப்புறம் ஒவ்வொரு ஆட்டமாகச் சேர்ந்துகொண்டே போனது. அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் தனிக் கணக்குதான் பெரிது.

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கூட்டும் பழக்கத்தை அமெரிக்கர்கள் பெரிதாக்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நடுவே ஆண்டு முழுவதும் ஆட்டத்துக்கு இவ்வளவு புள்ளி என்று சேர்த்து, கடைசியில் ஒரே கோப்பை கொடுத்தார்கள். நாடு முழுவதற்கும் டைரக்டர்ஸ் கப் என்று ஒன்று, 1993 முதல். அதை ஸ்டான்ஃபோர்டு தொடர்ந்து 25 முறை எடுத்தது. எப்படி? அமெரிக்கக் கால்பந்தில் அவர்கள் எப்போதும் முதலிடம் இல்லை. நீச்சல், டென்னிஸ், வாட்டர் போலோ, கோல்ஃப் என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடத்திலெல்லாம் சேர்த்தார்கள்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, சுருக்கமாக ‘மாகா’. 1956–57இல் இருந்து ஒட்டுமொத்த விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறார்கள். அமிர்தசரஸ், பாட்டியாலா, சண்டிகர் என்று பெரும்பாலும் பஞ்சாப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கிரிக்கெட் பெருமை பேசும் மும்பை அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் தெரியும்.

உங்கள் ஆட்சேபணைக்கு வருகிறேன். கிரிக்கெட்டுக்கு அதிகப் புள்ளி என்று ஆரம்பித்தால் எல்லாக் காசையும் கிரிக்கெட்டில் போடுவார்கள். சமமாக வைத்தால் கேரம் போர்டு வாங்கி ஜெயிப்பார்கள், 29 அங்குலப் பலகைதானே. எதற்கு எவ்வளவு என்று எழுதும் ஆள்தான் உண்மையில் ஜெயிப்பவன். உங்கள் வீட்டில் எழுதியவர் ரூயா.

சயான் கோலிவாடா · ஞாயிறு, காலை 10:40

கேரமை அரை மணி நேர ஆட்டம் என்று சொன்ன மாட்டுங்கா மாமாவுக்கு என் கண்டனம். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ விழாமல் நிற்கும் நிமிடம் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கேரமில் இரண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கியவர் மரிய இருதயம், நம் ஆள். அந்த ஆட்டத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

நான் கபடிக்காரன். இந்த இரண்டு கல்லூரியிலும் படிக்கவில்லை, இரண்டுக்கும் எதிராக ஆடியிருக்கிறேன், அதனால் என்னை நடுநிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவி தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், அவருக்கு இது சடுகுடு. இங்கே லால்பாக், பரேல் பக்கம் மில் கபடி என்று ஒரு பெரிய உலகமே இருந்தது. மில்லுக்கு மில் அணி. 1982 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது, மில்களோடு அந்த அணிகளும் போயின. அந்த வீட்டுப் பையன்கள்தான் பிறகு கல்லூரி அணிகளில் வந்து ஆடினார்கள். ரெய்டுக்குப் போகிறவனின் காலைப் பார்த்தே எந்தப் பேட்டை என்று சொல்லிவிடலாம். லால்பாக் பையன் கணுக்காலைப் பிடிப்பான், விட மாட்டான்.

போட்டி என்றால் கல்லூரிக்குக் கல்லூரி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்களுக்கு அது பேட்டைக்குப் பேட்டை. சட்டையில் கல்லூரிப் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

வாக்-ஓவருக்குப் புள்ளி கொடுக்கலாம். வராதது அவன் தப்பு.

திருச்சி டு தில்லி · ஞாயிறு, பகல் 12:05

இப்போது முலுண்டில் இருக்கிறேன், ஆனால் வளர்ந்தது தில்லி கரோல்பாக். நீங்கள் பேசுவதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய ஜோடி உண்டு: செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரி 1881இல் தொடங்கியது, ஹிந்து கல்லூரி 1899இல். தில்லிப் பல்கலைக்கழகம் 1922இல் வருவதற்கு முன்பே இரண்டும் இருந்தன. இரண்டும் முன்பு கஷ்மீரி கேட்டில் அக்கம்பக்கம். ஸ்டீஃபன்ஸ் 1941இல் வடக்கு வளாகத்துக்கு மாறியது. 1953இல் ஹிந்துவும் பின்னாலேயே வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டது. பகையாளியை விட்டுப் பிரிய மனம் வரவில்லை போலிருக்கிறது.

எழுபதுகளில் அந்தக் கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றி என் மாமா பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். ஸ்டீஃபன்ஸில் அருண் லால், கீர்த்தி ஆசாத். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா அதே காலத்தில் அந்த அணியில் ஆஃப் ஸ்பின் போட்டவர், நம் தமிழ்க் குடும்பம்தான். ஹிந்துவிலிருந்து பிற்பாடு வந்தவர் கௌதம் கம்பீர்.

ஒன்று கவனியுங்கள். இத்தனை பேர் சொன்னேனே, எல்லோரும் கிரிக்கெட். அந்த இரண்டு கல்லூரிகளும் கூடைப்பந்தும் டேபிள் டென்னிஸும் ஆடாமலா இருந்தன? ஆடின. ஞாபகம் வைத்துக்கொள்ள அங்கே ஒரு டோம்பிவிலி அண்ணன் இல்லை.

மாட்டுங்கா19 · ஞாயிறு, பிற்பகல் 2:30

அண்ணன் இதையெல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார். “டோம்பிவிலி அண்ணன்” என்றதும் முகத்தில் ஒரு பெருமை. மதியச் சாப்பாட்டில் இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சயானுக்கு: கேரம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பேட்டைக்குப் பேட்டை என்பது கிரிக்கெட்டிலும் உண்டு. தாதர் யூனியன், சிவாஜி பார்க் ஜிம்கானா என்ற இரண்டு கிரிக்கெட் கிளப்புகளும் மோதினால் கல்லூரியெல்லாம் மறந்துவிடும். தாதர் யூனியன் என்று பெயர், ஆனால் ஆடுவது எங்கள் மாட்டுங்கா தட்கர் மைதானத்தில். வாசு பராஞ்ச்பே கேப்டன், கவாஸ்கர், வெங்சர்க்கார். எதிரே வாடேகர், சந்தீப் பாட்டீல். கல்லூரியில் சேர்ந்து படித்தவன் ஞாயிற்றுக்கிழமை எதிரணி. கல்லூரியில் எதிரியாக இருந்தவன் கிளப்பில் கூட்டாளி. 1948இல் ஆரம்பித்த காங்கா லீக் மழைக்காலத்தில்தான் நடக்கும். பிட்ச் சேறு, அவுட்ஃபீல்டில் முழங்கால் உயரப் புல். பந்து தொலைந்தால் எல்லோரும் சேர்ந்து தேடுவோம், அதில் ரூயாவும் இல்லை போதாரும் இல்லை.

கல்லூரிப் பகைமை எங்கே உயிரோடு இருந்தது என்று கேட்டால், கட்டாவில்தான். ரூயா வாசலுக்குப் பக்கத்தில் உட்காரும் திண்ணை. எதிரே அப்போது மணீஸ் ஓட்டல் இருந்தது, ஒரு இட்லி சொல்லிவிட்டு நான்கு முறை சாம்பார் கேட்டாலும் கொடுத்தார்கள். போதார் பையன்கள் அங்கே போய் உட்காருவதே ஒரு படையெடுப்பு. நாங்கள் ஜெயித்த அன்று போவோம். தோற்ற அன்று பின்பக்கச் சந்து வழியாக ஸ்டேஷன்.

செம்பூர் அக்கா · ஞாயிறு, பிற்பகல் 3:10

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சிவப்பு நோட்டில் பெண்கள் ஆடியது எத்தனை பக்கம்?

முலுண்ட் பையன் · ஞாயிறு, பிற்பகல் 3:48

நான் இப்போது இரண்டாம் ஆண்டு, எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். அங்கிள்கள் மன்னிக்கவும், இப்போது இப்படியெல்லாம் யாரும் சண்டை போடுவதில்லை. ஆடுகிற பையன்கள் எல்லோரும் ஒரே அகாடமியில் பயிற்சி எடுக்கிறார்கள். எதிரணி விக்கெட் கீப்பர் என் வாட்ஸாப் குழுவில் இருக்கிறான். பகை என்றால் கல்லூரி விழாவில்தான், யார் விழாவுக்கு எந்தப் பாடகர் வருகிறார் என்பதில். அப்புறம் மராத்தி ஓரங்க நாடகப் போட்டியில். அதில் ரூயா பெயர் சொன்னால் மற்ற கல்லூரிகள் கொஞ்சம் மிரளும், அது உண்மை. நாடகத்துக்கும் புள்ளி உண்டா?

இன்னொன்று: கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் மல்லகம்பம், யோகாசனம் எல்லாம் வந்துவிட்டன. சிவாஜி பார்க் சமர்த்த வியாயாம மந்திரில் சின்ன வயதிலிருந்து கம்பம் ஏறிய பெண் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவள் கயிற்றில் தலைகீழாக நிற்பதைப் பார்த்தால் எங்கள் கிரிக்கெட் அணி வாயை மூடிக்கொள்ளும்.

நெறியாளர் · ஞாயிறு, மாலை 4:00

நாடகத்துக்குப் புள்ளி இல்லை. தனி இழை தொடங்குங்கள். இது சிரிப்புக்குச் சொன்னது, யாரும் புகார் அனுப்ப வேண்டாம்.

மாட்டுங்கா19 · ஞாயிறு, மாலை 5:20

செம்பூர் அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு பக்கமும் இல்லை.

1977இல் மழையால் நின்றுபோன ஹாக்கி ஆட்டம் இருக்கிறது. சதுரங்கத்தில் யாரோ கோபித்துக்கொண்டு எழுந்து போனது இருக்கிறது. பேராசிரியர்கள் தங்களுக்குள் ஆடிய ஒரு டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்கூட இருக்கிறது, அதற்கு அரைப் புள்ளி போட்டிருக்கிறார். பெண்கள் ஆட்டம் மட்டும் இல்லை.

இதில் கேவலம் என்னவென்றால், எங்கள் அக்கா 1977இலிருந்து 1982 வரை ரூயாவில் படித்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள். கோ-கோ ஆடினாள். நாற்பது வருடமாக இந்த நோட்டை வைத்து நாங்கள் சண்டை போடுகிறோம், அவள் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் இது தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, மாலை 6:02

நான் மேலே சொன்ன டைரக்டர்ஸ் கப்பில் ஆண்கள் ஆட்டமும் பெண்கள் ஆட்டமும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஸ்டான்ஃபோர்டு அடுக்கிய கோப்பைகளில் பெண்கள் நீச்சலுக்கும் டென்னிஸுக்கும் பெரிய பங்கு. அதைக் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

யாழ் பழையவன் · ஞாயிறு, இரவு 8:30

நான் யாழ்ப்பாணம், கப்பல் வேலையாக வாஷியில் இருக்கிறேன். எங்களிடம் இரண்டு பள்ளிகள் ஆண்டுதோறும் கிரிக்கெட்டில் மோதும் பிக் மேட்ச் என்றால் அது ஊர்த் திருவிழா. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும், வடக்கின் பெரும் போர், 1904 முதல். கொழும்பில் ராயல்–தோமியன் அதைவிடப் பழையது, 1879. மார்ச் மாத வெயிலில் மூன்று நாள். பாண்ட் வாத்தியம், கொடி, சைக்கிளிலும் லொறியிலும் ஊர்வலம். போர் நடந்த காலத்தில் எங்கள் யாழ்ப்பாண ஆட்டம் சில வருடங்கள் ஆட முடியாமல் போனது. திரும்பத் தொடங்கியபோது வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் லீவு போட்டு வந்தார்கள்.

அக்கா கேட்ட கேள்வியை அங்கே கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே ஆண்கள் பாடசாலை என்று சொல்லித் தப்பிக்கலாம். உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

செம்பூர் அக்கா · ஞாயிறு, இரவு 9:45

கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம், பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் கோ-கோதான். வேறு கல்லூரி, பெயர் வேண்டாம். எங்களுக்கு மைதானம் காலை ஆறிலிருந்து ஏழு வரை. ஏழு மணிக்குக் கிரிக்கெட் வலை கட்ட வருவார்கள், கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். திரும்ப நடுவது எங்கள் வேலை. அதனால் எங்கள் அணியில் எல்லோருக்கும் கடப்பாரை பிடிக்கத் தெரியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: எட்டுப் பேர் கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் துரத்துவாள். ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். துரத்துகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பக்கம் மாறக் கூடாது. மாற வேண்டுமென்றால் கோட்டின் முனையில் நட்டிருக்கும் கம்பத்தைச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி “கோ” சொல்ல வேண்டும். அந்தத் தட்டு பலமாக விழுந்தால் மதியம் வகுப்பில் நாற்காலியில் சாய முடியாது. கம்பத்தை ஒரு கையால் பிடித்துச் சுழன்று திரும்பும்போது உள்ளங்கைத் தோல் உரியும். ஆகஸ்டில் ஈர மண்ணில் ஆடினால் தாவணியில் வந்த கறை போகாது. ஆமாம், முதல் வருடம் சிலர் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஆடினோம். அரைக்கால் சட்டை போட வீட்டில் விடவில்லை.

1980, 81 வாக்கில் ரூயா அணியில் ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில் அவளைப் பிடிக்கவே முடியாது. “வா, வா” என்று தமிழில் சொல்லிக்கொண்டே ஓடுவாள், துரத்துகிறவளுக்கு எரிச்சல் வரட்டும் என்று. மாட்டுங்கா19, உங்கள் அக்காவா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மாட்டுங்கா19 · திங்கள், காலை 6:35

அவள்தான்.

நேற்று இரவே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். பத்தரை மணி. “யாருக்கு என்ன ஆச்சு?” என்றுதான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தாள். “வா வா என்று சொன்னது அந்த நீளக் கைக்காரிக்குக் கேட்டதா? மூணு தடவை என் பின்னலைப் பிடித்து இழுத்திருக்கிறாள், ஃபவுல் கொடுக்கவே இல்லை.” செம்பூர் அக்கா, இதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

நோட்டைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரியுமாம். ஒரு நாள் அண்ணனே அவள் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார், போதார் பெண்களோடு. முழு ஆட்டமும் நின்று பார்த்தார், அவள் பையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு. அன்று ரூயா ஜெயித்தது. ராத்திரி நோட்டை எடுத்து அன்றைய டேபிள் டென்னிஸ் முடிவை எழுதினார், மூடி வைத்தார். “எழுதுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் இட்லிக்கு அரைக்கப் போய்விட்டேன்” என்றாள்.

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து, கண்ணாடியைத் துடைத்தபடி அவர் சொன்னதைக் கேளுங்கள்: “அப்படியென்றால் பெண்கள் ஆட்டத்தைச் சேர்க்க வேண்டியதுதான் நியாயம். சேர்த்தால் ரூயாவுக்கு இன்னும் கூடும்.”

நாற்பது வருடம் ஒரு வரி எழுதாத மனிதர், ஒரே இரவில் பெண்கள் விளையாட்டுக்கு வக்கீல்! எனக்கு வந்த கோபத்தில் “சாட்சி இல்லாத ஆட்டத்தை எப்படிச் சேர்ப்பது?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, நான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்று.

சயான் கோலிவாடா · திங்கள், காலை 8:10

அண்ணனும் தம்பியும் சரியான ஜோடி. நோட்டை அக்காவிடம் கொடுங்கள், மாமா.

திருச்சி டு தில்லி · திங்கள், காலை 8:55

வழிமொழிகிறேன். அக்கா ரூயா என்பதால் ஒருதலைப்பட்சம் என்று மாட்டுங்கா19 சொல்லாமல் இருந்தால் சரி.

செம்பூர் அக்கா · திங்கள், காலை 11:20

பின்னலை இழுத்தது நான்தான். மூன்று முறை இல்லை, இரண்டு. மூன்றாவது முறை வேறு ஒருத்தி. நம்பரை இங்கே போட வேண்டாம், நெறியாளர் வழியாக எனக்கு அனுப்புங்கள்.

முலுண்ட் பையன் · திங்கள், பிற்பகல் 1:15

மல்லகம்பம் பெண்ணிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். எங்கள் ஆட்டத்தை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டாள். ரீல் போடுகிறோமே என்றேன். ரீல் 24 மணி நேரம் கழித்து யார் பார்ப்பார் என்றாள். ஸ்டோரிதான் 24 மணி நேரம், ரீல் அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். கேட்கவில்லை. ஸ்டேஷனரி கடையில் ஒரு நோட்டு வாங்க வைத்துவிட்டாள், என் காசில்.

மாட்டுங்கா19 · புதன், இரவு 9:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். அக்காவும் செம்பூர் அக்காவும் திங்கள் இரவு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்களாம். இருவருக்கும் ஞாபகம் இருக்கும் ஆட்டங்களை மட்டும் எழுதுவது என்று முடிவு. ஒருவருக்கு மட்டும் ஞாபகம் இருந்தால் பென்சிலில். வேறு கல்லூரிக்காரியான செம்பூர் அக்கா நடுவர். அவர் தம் கூட ஆடிய போதார் பெண்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடிக்கப் போகிறார், ஒருவர் தானேயில் இருப்பதாகத் தகவல்.

அக்கா முதலில் சொன்ன ஆட்டமே ரூயா தோற்றது. போதார் பெண்கள் கடைசி நிமிடத்தில் ஜெயித்த ஆட்டமாம். “அதைத்தான் முதலில் எழுதணும், நாங்கள் அழுதுகொண்டே மணீஸில் போய் உட்கார்ந்தோம், போதார்க்காரிகள் வந்து எங்களுக்கு ரவா தோசை வாங்கிக் கொடுத்தார்கள்” என்றாள். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

நோட்டை இன்று காலை கூரியரில் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டோம். கடைசியில் முப்பது பக்கத்துக்கு மேல் வெற்றுத் தாள் இருக்கிறது, போதாவிட்டால் சேர்த்துத் தைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அனுப்புவதற்கு முன் அண்ணன் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போய் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். “அவள் என் கேள்விக்குறிகளை அழித்துவிட்டால்?” என்கிறார்.